வீட்டுச் சுவரை ஒட்டி மண் அடிக்கப் போகிறோம், ஓதம் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

பெரியபட்டினத்தான்:
எல்லோருக்கும் சலாம், வணக்கம். தெருவில் புது ரோடு போட்டதில் எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. போன கார்த்திகை மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் வந்து நின்றது. சுற்றிலும் இரண்டரை அடி மண் அடித்து உயர்த்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வீட்டின் பேஸ்மட்டமோ ஒன்றரை அடிதான். அப்படியானால் மண் உள்தரையை விட ஓர் அடி மேலே சுவரை ஒட்டி நிற்கும். வாப்பா கட்டிய வீடு, 9 இஞ்சு செங்கல் சுவர். தார் அடித்துவிட்டு மண்ணைக் கொட்டினால் போதும் என்கிறார். போதுமா? வாடைப் பக்கச் சுவரில் உள்ளே இடுப்புயரத்துக்கு ஏற்கெனவே உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். ஆடியில் லீவு, அப்போதுதான் வேலையை வைக்க முடியும்.

தொண்டி ராவுத்தர்:
எங்கள் வீட்டிலும் தார் அடித்துத்தான் மண் போட்டோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி சொல்வதைச் செய்யுங்கள்.

உச்சிப்புளி சைட்:
தம்பி, தார் இருக்கட்டும். முற்றம் முழுவதையும் உயர்த்தித்தான் ஆக வேண்டுமா? உங்களுக்குத் தொல்லை ரோட்டுத் தண்ணீர். அதை மறிக்க கேட்டுக்குக் குறுக்கே சரிவாக ஒரு மேடும், காம்பவுண்டு ஓரமாக நாலடி அகலத்துக்கு மண்ணும் போதும். வீட்டுச் சுவரை மண் தொடவே வேண்டாம்.

பேஸ்மட்டத்தின் தலையில் போடும் டிபிசி, அதாவது ஓதத் தடுப்புப் பட்டை, கீழிருந்து ஏறும் ஓதத்தைத்தான் தடுக்கும். அதற்கு மேலே மண் நின்றால் ஈரம் பக்கவாட்டில் நேரே செங்கலுக்குள் போய்விடும். கரையானுக்கும் அது மறைவான வழி. வெளி மண் டிபிசிக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும்.

உயர்த்தியே தீருவது என்றால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி சாலிட் பிளாக்கில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, இடையில் வாய்க்கால் விடுங்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம், 10 அடிக்கு ஓர் இஞ்சு வாட்டம். வீட்டுச் சுவர் காற்றுப்பட்டுக் காயும், எங்காவது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். நான் இதைத்தான் செய்வேன்.

இடமே இல்லாத பக்கத்தில் மட்டும் ஒட்டி நிரப்பலாம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உப்பைக் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே இறங்கும். பிறகு 1:4 சிமெண்ட், மணல் கலவையில் வாட்டர்புரூஃப் சேர்த்துப் பூச வேண்டும். டாக்டர் ஃபிக்ஸிட் எல்டபிள்யூ பிளஸ் என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி. 7 நாள் நனைத்து, நன்றாகக் காயவிட்டு, பிட்டுமன், அதாவது தார், இரண்டு கோட். ஈரச் சுவரில் அடித்த தார் தோலுரிந்துதான் வரும். மண்ணுக்கு மேலே வெயில் படும் அரை அடிக்கு அக்ரிலிக் சிமெண்ட் கோட்டிங் அடியுங்கள், அங்கே தார் வெடித்துவிடும்.

அதன் மேல் டிம்பிள் ஷீட், குமிழ் குமிழாக இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் ஷீட். இல்லையென்றால் மண்ணில் கிடக்கும் கல்லும் சிப்பியும் கோட்டிங்கைக் கிழிக்கும். ஷீட்டை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு 20 எம்எம் ஜல்லி, அதன் அடியில் துளை போட்ட 4 இஞ்சு பிவிசி பைப், ஜல்லியைச் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணியை மிச்சம் பிடிக்காதீர்கள், நம் ஊர்ப் பொடிமணல் சீக்கிரமே ஜல்லியை அடைத்துவிடும். மண்ணை அரை அடி, அரை அடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். தண்ணீரைத் தேக்கி அமுக்குவது, ஜேசிபியைச் சுவரோரம் விடுவது, இரண்டும் கூடாது.

பெரியபட்டினத்தான்:
ரொம்ப நன்றி காக்கா. மூன்று பக்கம் இடம் இருக்கிறது, வாடைப் பக்கம்தான் ஒன்றே கால் அடிச் சந்து. வாய்க்கால் தண்ணீரை எங்கே விடுவது? உறைகிணறு மாதிரி ஒன்று தோண்டலாமா? அப்புறம், கடற்கரைப் பக்கமிருந்து மலிவாக மண் வருகிறது என்கிறார்கள்.

கீழக்கரை லாத்தா:
வீட்டில் பழைய கட்டு ஏதும் இருக்கிறதா தம்பி? எங்கள் அடுப்பங்கரை அந்தக் காலத்துப் பவளக்கல், சுண்ணாம்புக் காரை. வெளியே சிமெண்ட் பூசியதும் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே தலை உயரத்துக்கு ஏறிவிட்டது. அப்படிச் சுவர் இருந்தால் சிமெண்டும் தாரும் வேண்டாம், மண்ணையும் தள்ளியே வையுங்கள்.

உச்சிப்புளி சைட்:
லாத்தா சொல்வது ரொம்பச் சரி.

கடற்கரை மண்ணை வாங்காதீர்கள். உப்பைக் காசு கொடுத்துச் சுவரோரம் கொட்டுவதுதான் அது. எந்த மண் வந்தாலும் ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்ததைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர். மண் தண்ணீர் வைத்த தட்டில் வெள்ளை அதிகம் படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பூச்சுக்கும் நனைப்பதற்கும் உவர்க்கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது.

குழி தோண்டுமுன், கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று வீட்டில் விசாரியுங்கள். நாலடியில் நின்றால் குழி அடைமழைக்கு உதவாது, நிரம்பித்தான் கிடக்கும். பின்னால் தாழ்வான இடமோ ஊருணிக்குப் போகும் வரத்துக்காலோ இருந்தால் மழைத்தண்ணீரை மட்டும் அங்கே விடுங்கள். குளியலறைத் தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள்.

பெரியபட்டினத்தான்:
உம்மாவிடம் கேட்டேன். அடைமழையில் கிணற்றில் மூன்றடியிலேயே தண்ணீராம். குழி வேண்டாம், பின்னால் வரத்துக்கால் இருக்கிறது. பழைய கட்டு எதுவும் இல்லை லாத்தா. மூன்று பக்கமும் வாய்க்கால், சந்தில் மட்டும் ஷீட்டும் ஜல்லியும். வாய்க்காலை மூடலாமா? சின்னப் பிள்ளைகள் ஓடும் இடம்.

உச்சிப்புளி சைட்:
மூடலாம். துளை விட்ட சிலாப், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்கும் எடையில். சிமெண்ட் வைத்து ஒட்டிவிடாதீர்கள், புரட்டாசியில் தூக்கிக் குப்பையை அள்ள வேண்டியிருக்கும். சந்துப் பைப்பின் மேல்முனையைத் தரைக்கு மேலே நீட்டி மூடி போடுங்கள், அடைத்தால் ஹோஸ் விட்டுக் கழுவலாம்.