கயித்துல முடிச்சு போட்டே சிலை: மிருணாளினி முகர்ஜி வேலை பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கயல்_கோவை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருஷம் படிக்கறேன், கைச்செலவுக்கு இன்ஸ்டால மேக்ரமே (கயித்த முடிச்சு போட்டு பின்றது) ஆர்டரும் எடுத்துட்டு இருக்கேன், பூந்தொட்டி ஹேங்கர், சுவர்ல மாட்டறது, அந்த வகை. கிளாஸ்ல மேடம் மிருணாளினி முகர்ஜியோட ‘யக்ஷி’ படம் போட்டு காமிச்சாங்க, 1984ல பண்ணது, பூரா சாயம் போட்ட ஹெம்ப் (சணல் மாதிரி ஒரு நார்) கயிறு, தறி கிடையாது ஊசி கிடையாது, கையால முடிச்சு போட்டுப் போட்டே ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு உருவம் நிக்குது. அன்னிக்கு நைட்டு தூக்கமே வரல. நான் ஒரு ஹேங்கர் ஒழுங்கா தொங்கறதுக்கே நாலு தடவ அவுத்துக் கட்டறேன், இது எப்படிங்க நிக்குது? உள்ள கம்பி வச்சிருக்காங்களா இல்ல முடிச்சோட இறுக்கத்துலயே நிக்குதா? இவங்க பண்றதும் மேக்ரமேதானா இல்ல வேறயா? அப்பறம் கயித்துல இவ்வளவு பண்ணவங்க கடைசில ஏன் வெண்கலத்துக்கு போனாங்க? வீட்ல கேக்கற கேள்வியையும் சேர்த்துடறேன், ஒரு சிலைக்கு மாசக்கணக்குல உக்காந்தா சோத்துக்கு என்ன வழி? ஃபைனல் ப்ராஜெக்ட் இத ஒட்டித்தான் பண்ணலாம்னு இருக்கேன், தெரிஞ்சவங்க விலாவாரியா சொல்லுங்க.

பரோடா_பழசு:
கயல், உள்ள இரும்பு இருக்கும்மா. லண்டன் டேட் மியூசியம் வாங்கி வச்சிருக்கற ‘ஜௌபா’ன்னு ஒரு வேலை, 2000ல பண்ணது, அதோட விவரத்துலயே ஹெம்ப் நார், ஸ்டீல்னு ரெண்டும் போட்டிருக்கும். ஆனா எடுத்த உடனே அப்படி ஆரம்பிக்கல. 1972ல டெல்லி ஸ்ரீதரணி கேலரில முதல் தனிக்காட்சி வச்சப்பல்லாம் சுவர்லயும் மேல இருந்தும் தொங்கற மாதிரிதான், அதுக்கப்பறம்தான் கொஞ்சம் கொஞ்சமா சுவர விட்டு விலகி, சுத்தி வந்து பாக்கற சிலையா தரைக்கு வந்துச்சு. இன்னொண்ணு, முன்னாடியே டிராயிங் போட்டு அளவெடுத்து ஆரம்பிக்கற ஆள் கிடையாது. சந்தைல கயிறு வாங்கி, தரம் பிரிச்சு, சாயம் போட்டு, ஒரு இடத்துல முடிய ஆரம்பிச்சா அது எங்க கூட்டிட்டு போகுதோ அங்க போறதுதான், பேர் எல்லாம் பெரும்பாலும் அப்பறம் வர்றது.

ஆளப் பத்தி கொஞ்சம் சொன்னாத்தான் மத்ததெல்லாம் புரியும். 1949ல பம்பாய்ல பிறந்தவங்க. அப்பா பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதன்ல சுவர் ஓவியம் போட்ட பெரிய கை, 1957ல கண் ஆபரேஷன் சரியாகாம பார்வை போச்சு, அதுக்கப்பறமும் காகிதத்த வெட்டி ஒட்டி வேலை செஞ்சுட்டேதான் இருந்தாரு. அம்மா லீலா முகர்ஜி மரத்துல செதுக்கற சிற்பி. வளர்ந்தது டேராடூன்ல, லீவுக்கு சாந்திநிகேதன். மரமும் செடியுமா பாத்து வளர்ந்த பொண்ணு, பின்னாடி அவங்க வேலைல காடும் பூவும் விரிஞ்சு கிடக்கறதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. பரோடால 1965லருந்து 70 வரைக்கும் பெயிண்டிங் படிச்சுட்டு அப்பறம் மியூரல் (சுவர் ஓவியம்) டிசைன், அங்க வாத்தியார் கே.ஜி. சுப்ரமணியன். நாங்க படிக்கறப்ப அவர் ரிட்டயர் ஆகி போயிட்டாரு, ஆனா கேன்டீன் டீ கிளாஸ் வரைக்கும் மணி சார் (அவர அப்படித்தான் கூப்பிடுவோம்) கதைதான் ஓடும். கேரளா குத்துப்பரம்புல பிறந்த தமிழ்க் குடும்பம், சென்னை பிரசிடென்சில எகனாமிக்ஸ் படிச்சவரு. கைத்தறி வாரியத்துல டிசைன் பக்கம் வேலை பாத்துட்டு வந்த மனுஷன், கயிறு, மண்ணு, பொம்மைன்னு எதையும் மட்டமா பாக்க மாட்டாரு. அவர்கிட்ட படிச்சதாலதான் ஒரு பெயிண்டிங் ஸ்டூடன்ட் கைல கயிறு வந்துச்சு.

மேக்ரமேவான்னா, முடிச்சு குடும்பம் அதேதான். ஆனா மேக்ரமேல நீ ஓட்டைய டிசைன் பண்ற, இவங்க ஓட்டையே விடாம இறுக்கி தோல் மாதிரி ஒரு பரப்ப கொண்டு வந்து அத மடிக்கறாங்க, உருட்டறாங்க, உதடு மாதிரி பிதுக்கறாங்க. கயித்த சேர்த்துட்டே போனா பரப்பு விரியும், கழிச்சுட்டே போனா குவியும், அதான் வித்தை. உனக்குத் தெரிஞ்ச கணக்குதான்.

சும்மா_சொல்றேன்:
யாரும் கோச்சுக்க வேணாம். எங்க ஊர்ல ஆயாக்கள் வயர்கூடை பின்னா அது டைம்பாஸ், பெரிய எடத்து பொண்ணு டெல்லில உக்காந்து கயிறு முடிஞ்சா அது மாடர்ன் ஆர்ட். அப்பா ஆர்டிஸ்ட், அம்மா ஆர்டிஸ்ட், வாத்தியார் உலகப் புகழ். கயல் மாதிரி இன்ஸ்டால ஹேங்கர் விக்கறவங்களுக்கு இதுல என்ன இருக்கு?

பரோடா_பழசு:
பாதி சரிங்க. வீட்டு சப்போர்ட் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நீங்க சொல்ற அந்தக் கோட்டுல அவங்களும்தான் மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. சிற்பம்னா கல்லு, வெண்கலம், மரம்னு இருந்த ஊர்ல கயித்தோட போய் நின்னா கைவினை மேளாவுக்கு போம்மான்னு ஒரு பக்கம், கைவினைக்காரங்களுக்கு இது எதுக்கும் உதவாத சாமான்னு இன்னொரு பக்கம். வெளிநாட்டுல ஃபைபர் ஆர்ட்னு ஒரு அலை அடிச்சது உண்மை, 1962லருந்து சுவிஸ் நாட்டு லோசான்ல டேபஸ்ட்ரிக்குனே (சுவர்ல மாட்டற நெசவுச் சித்திரம்) பினாலே, அதாவது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற கலைக்காட்சி, நடந்துச்சு, 1969ல நியூயார்க் மோமா மியூசியம் ‘வால் ஹேங்கிங்ஸ்’னு காட்சி வச்சுச்சு. இவங்க அந்தக் கூட்டத்துல பேர் எழுதிக்கல, என்னது சிற்பம்னுதான் நின்னாங்க. அந்தப் பிடிவாதம் எனக்கு புடிக்கும், ஆனா கைவினைன்னு சொன்னா கூடதான் என்ன குறைஞ்சிடும்னும் தோணும், மணி சாரே அந்த ரெண்டுக்கும் நடுவுல சுவர் எழுப்பாதவர்தான்.

சோறு பத்தி கேட்டியே கயல், நேரா சொல்றேன், வேகமா வித்து காசு பாத்த கதை இல்ல இது. 1986ல சிட்னி பினாலே, 1994ல ஆக்ஸ்ஃபோர்டு மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல தனிக்காட்சின்னு பேர் வெளிய போச்சு, ஆனா ஊர்ல பெரிய அளவுல திரும்பிப் பாக்க வச்சது 2015 ஜனவரில டெல்லி நேஷனல் கேலரில நடந்த ரெட்ரோஸ்பெக்டிவ்தான், அதாவது அதுவரைக்கும் பண்ண வேலைகள ஒண்ணா வச்ச காட்சி. அது திறக்கற நேரத்துல உடம்பு முடியாம இருந்தாங்க, பிப்ரவரில போய் சேர்ந்துட்டாங்க. 2019ல நியூயார்க், 2022ல வெனிஸ் பினாலேல மெயின் காட்சி, எல்லாம் ஆள் போனதுக்கப்பறம் வந்தது. அதனால ஹேங்கர் ஆர்டர விட்றாத.

எடிசன்_அக்கா:
2019ல நியூயார்க்ல மெட் பிராயர்ல (அப்ப மெட் மியூசியத்தோட கிளை) நடந்த காட்சிக்கு நான் போயிருந்தேன், இங்க எடிசன்லருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான், புள்ளைங்கள வீட்ல விட்டுட்டு போனது எவ்வளவு நல்லதுன்னு உள்ள போனப்பறம்தான் தெரிஞ்சுது, அவனுங்க கண்டிப்பா தொட்டிருப்பானுங்க. ரூம் ரூமா பிரிக்காம சாம்பல் கலர் திரை தொங்கவிட்டு அதுக்கு நடுவுல வச்சிருந்தாங்க, ஒண்ண தாண்டினா அடுத்தது திரைக்குப் பின்னாடிலருந்து மெதுவா தெரியும்.

போட்டோல பாக்கறதுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல கயல். போட்டோல வெல்வெட் மாதிரி வழவழன்னு தெரியும், கிட்டக்க போனா முடிச்சு வரிசை வரிசையா வரப்பு கட்டினாப்ல ஓடுது, ஒவ்வொரு வரிசையும் அடுத்தத அமுக்கிக்கிட்டு நிக்குது, மடிப்பு திரும்பற இடத்துல சாயம் கொஞ்சம் அடர்த்தியா தெரியுது, வெளிச்சம் உள்ள போகாததாலயா சாயமே அப்படியான்னு கண்ணு குழம்பும். நார் அங்கங்க சிலிர்த்துக்கிட்டு நிக்கும், வெட்டி மழிச்சு விடல. ‘ஆதி புஷ்ப்’னு ஒண்ணு, 98-99ல பண்ண ரெண்டாவது, பேர் என்னவோ பூ, முன்னாடி நின்னா பூ, உடம்பு, பிறப்புறுப்பு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், பக்கத்துல நின்ன ஒரு வெள்ளக்கார பாட்டி என்னைப் பாத்து சிரிச்சுட்டு தலையாட்டிட்டு போனாங்க. எனக்கு பயமும் வந்துச்சு, கும்புடணும் போலவும் இருந்துச்சு. தேவி, யக்ஷி, நாக தேவதைன்னு பேர் வச்சாலும் எந்த சாமியோட லட்சணத்தையும் பாத்து பண்ணல, கைல ஆயுதம் கிடையாது, வாகனம் கிடையாது, முகமே பல எடத்துல இல்ல. எங்க ஊர் கோயில் கர்ப்பக்கிரகத்துல இருட்டுல கண்ணு பழகறதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு நிக்குதுன்னு மட்டும் தெரியுமே, அந்த அளவுக்குத்தான் முகம்.

ஒண்ணு விட்டுட்டேன், பின்பக்கமும் போய் பாருங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அங்கதான் பாடம். முன்னாடி எவ்வளவு ஆர்ப்பாட்டமோ பின்னாடி அவ்வளவு ஒழுங்கு.

வெண்கலம் பத்தி: நேரா கயித்துலருந்து வெண்கலத்துக்கு தாவல. 1996ல நெதர்லாந்துல செராமிக் சென்டர் ஒண்ணுல ரெசிடென்சி (அங்கயே தங்கி வேலை செய்யறது), அங்க களிமண்ண மடிச்சு மடிச்சு பூவா பண்ண ஆரம்பிச்சு, அப்பறம் 2000க்கு மேல மெழுகு, அதுலருந்து வெண்கல வார்ப்பு. சுவாமிமலைல பண்ற அதே மெழுகு வார்ப்பு முறைதான் அடிப்படை, மெழுகுல உருவம், மேல மண்ணு, சூட்டுல மெழுகு உருகி ஓடினா அந்த எடத்துல உலோகம். கடைசி வேலைகள்ல ‘பாம்ஸ்கேப்’ வரிசை பாத்தா பனை ஓலை மட்டை விரிஞ்ச மாதிரியே இருக்கும். போலந்துக்காரங்க மக்தலேனா அபாகனோவிச்சும் இப்படித்தான், 60கள்ல சைசல் (கத்தாழை வகை) நார்ல ராட்சச சைஸ் துணி உருவங்க, 1965ல சாவ் பாவ்லோ பினாலேல தங்க மெடல், அப்பறம் கோணிச்சாக்கு துணியும் பிசினும் வச்சு தலையில்லாத முதுகுங்க, கடைசில சிகாகோ பார்க்ல 106 இரும்பு உருவம். நாருக்கு பூச்சி, தூசி, வெயில் எல்லாம் எதிரி, உலோகம் வெளிய மழைல நிக்கும். அதோட ஒரு வயசுக்கு மேல விரலும் தோளும் கேக்காது, நாள் பூரா கயிறு இழுக்கறது சும்மா இல்ல. இது என் கணிப்புதான். ஆனா என்னதான் வெண்கலம் அழகா இருந்தாலும் கயிறு கிட்ட நிக்காது, நான் ரெண்டையும் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

சிங்கம்புணரி_கயிறு:
ஆர்ட் எல்லாம் எனக்கு தெரியாதுப்பா, எங்க வீட்ல மூணு தலைமுறையா கயிறு யாவாரம், அதனால கயிறு பத்தி மட்டும் பேசறேன். பாப்பா, கடைல சணல் கயிறுன்னு குடுக்கறது பெரும்பாலும் ஜூட். மில்லுல நாரு வழுக்கிப் போறதுக்கு எண்ணெ போடுவாய்ங்க, அதான் புதுக் கயித்துல ஒரு மண்ணெண்ணெ வாடை. அது இருக்கற வரைக்கும் சாயம் திட்டுத்திட்டாத்தான் ஏறும். சுடுதண்ணில சோப்பு போட்டு ஊறவச்சு நல்லா அலசி, நிழல்ல காயவச்சுட்டு அப்பறம் சாயத்துல போடு. மொத்தக் கயிறையும் ஒரே லாட்டுல வாங்கிரு, பாதில போய் வாங்குனா கலர் சேராது, எங்ககிட்டயே சேராது.

தேங்கா நாருல பண்றேன்னு கெளம்பிராத, எங்க ஊரு சரக்குதான், ஆனாலும் சொல்றேன், முரடு, முடிச்சு இறுகாது, வெரல் கிழிஞ்சு போகும். கத்தாழ நாரு மினுமினுன்னு இருக்கும், சாயம் புடிக்கும், விறைப்பு ஜாஸ்தி. மொதல்ல மூணு பிரி ஜூட்டுல ஆரம்பி. ஜூட்டு வெயில் பட்டா பழுப்பாயிரும், அதையும் ஞாபகம் வச்சுக்க.

கயல்_கோவை:
எல்லாருக்கும் நன்றிங்க, இத பிரிண்ட் எடுத்து மேடம்கிட்டயே காட்டப்போறேன். சும்மா_சொல்றேன் அண்ணா, எங்க அம்மாச்சியும் வயர்கூடை பின்னுவாங்க, நான் முடிச்சு கத்துக்கிட்டதே அவங்ககிட்டதான், அதனால நீங்க கேட்டது எனக்கும் உள்ள ஓடிட்டே இருக்கு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அத ஒரு பக்கம் எழுதறேன். எடிசன் அக்கா, பின்பக்கம் பத்தி சொன்னது செம. சின்னதா ஒண்ணு, முழங்கால் உயரம் மட்டும், ஹாஃப் ஹிட்ச் முடிச்சுலயே இறுக்கி ட்ரை பண்றேன். கயிறு அண்ணா, எவ்வளவு வாங்கறது? சாதாரணமா முடிக்கற நீளத்துக்கு நாலு மடங்கு எடுப்பேன்.

சிங்கம்புணரி_கயிறு:
நாலு மடங்கு ஓட்டை விட்டு பின்னுறதுக்குத்தான் சரி. நீ சொல்ற மாதிரி இறுக்குனா கயிறு முழுங்கும். ஒரு சாண் அகலம் முடிஞ்சு பாத்து, எவ்வளவு இழுத்துச்சுன்னு அவுத்து அளந்துட்டு வாங்கு. இப்பவே மூட்டையா வாங்காத, எனக்கு யாவாரம்தான், இருந்தாலும் சொல்றேன்.

சும்மா_சொல்றேன்:
அம்மாச்சி கூடைய ஒரு போட்டோ போடும்மா, பாப்போம். உள்ள வைக்கற கம்பிக்கு வெல்டிங் கடைல சொல்லி ரெட் ஆக்சைடு அடிச்சு, நல்லா காஞ்சப்பறம் கயிறு சுத்து. சாயம் போட்ட கயிறு கொஞ்சம் ஈரமா இருந்தாலும் துரு ஏறி பழுப்பு கறை வெளிய வந்துடும், எங்க கடை போர்டுக்கு கயிறு சுத்தினப்ப அப்படித்தான் ஆச்சு.