பறக்கை வீட்டுக் குழு: பாட்டாவின் பாட்டு

தக்கலைச் சித்தப்பா: மைக்செட்காரர் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவின் வில்லுப்பாட்டு ஓடவில்லையாம். ஞாயிறு பதினாறாம் நாள். என்ன செய்வது?

தம்பி: கோப்பின் பெயர் கடைசியில் எம்பி3 என்று மாற்றித்தானே கொடுத்தேன்.

பெங்களூர் அக்கா: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. பாட்டா பாடியதைப் பழைய பொத்தான் போனில் பதிந்தோம். அது ஏஎம்ஆர் வடிவம், பேச்சுக்காக உருவாக்கியது. சிடியில் நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிவார்கள், இதில் 8,000 முறைதான். அதனால் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஓசை ஏறக்குறைய எதுவும் பதியாது. வில்லில் கட்டிய மணியின் கலகலப்பு பெரும்பாலும் அதற்கு மேலேதான். எம்பி3 ஆக்கினால் மைக்செட்டில் ஓடும், ஆனால் போன மணியோசை திரும்பாது.

இரணியல் அத்தை: மணி போகட்டும். அப்பா குரல் கேட்குமா?

பெங்களூர் அக்கா: கேட்கும் அத்தை.

தம்பி: போனில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிந்து அனுப்பவா?

பெங்களூர் அக்கா: வேண்டவே வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்துவிடும். மூலக் கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பு. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் முதலில் சுருக்காத வேவ் கோப்பாக ஆக்குகிறேன், நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்தான் வரும். அதிலிருந்து எம்பி3 எடுக்கலாம். எம்பி3யையே திரும்பத் திரும்ப மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். மூலத்தை யாரும் அழித்துவிடாதீர்கள்.

தக்கலைச் சித்தப்பா: சரி. இலை 150 போதுமா?

தம்பி: மட்டி வாழைக்குலை வடசேரிச் சந்தையில் சொல்லியாயிற்று.

இரணியல் அத்தை: கோயில் கொடையில் பதிந்த இரண்டு கேசட் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. மணி, குடம், உடுக்கு எல்லாம் அதில் இருந்தது. அது எந்த வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

தக்கலைச் சித்தப்பா: அக்கா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இரணியல் அத்தை: அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஆறவில்லை.

நான்: பாட்டு தொடங்குமுன் பாட்டா இருமிவிட்டு, "கடுங்காப்பி எங்கே?" என்று பாட்டியிடம் கேட்கிறார். டம்ளர் வைக்கும் சத்தமும் கேட்கிறது. நேற்று ராத்திரி நான்கு முறை கேட்டேன்.

தக்கலைச் சித்தப்பா: வந்தவர்கள் முன்னால் அது வேண்டுமா? வெட்டிவிடலாம்.

இரணியல் அத்தை: வெட்டக் கூடாது. அம்மாவை அவர் கூப்பிடுவது அந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது.

பெங்களூர் அக்கா: இரண்டு விதமாகவும் எடுத்து அனுப்புகிறேன். எதை ஓடவிடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

தம்பி: அனுப்பிவிட்டேன். வந்ததா?

பெங்களூர் அக்கா: வந்தது. 11 நிமிடம்.

தக்கலைச் சித்தப்பா: ஞாயிறு காலை பேசிக்கொள்வோம். இலைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.