வால்பாறை எஸ்டேட்டுக்கு எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?

டீக்காட்டுக்காரன்: வணக்கம் மக்களே, வால்பாறை பக்கம் எஸ்டேட்ல இருக்கேன், யானை வந்தா மேல்காட்டுல கொழுந்து பறிக்கிறவங்களுக்கு உடனே சொல்லணும், சரிவு தாண்டுனா செல் டவரே கிடையாது. ஆன்லைன்ல "10 கிலோமீட்டர் ரேஞ்ச்"னு விக்கிறாங்களே, நம்பலாமா?

மலைக்குருவி: அந்தக் கணக்கெல்லாம் குறுக்க எதுவும் மறைக்காத இடத்துக்கு பாஸ். நடுவுல ஒரு மேடு வந்தாலே கொரகொரன்னு ஆயிடும். மேட்டு உச்சில நிக்கிற வாட்ச்மேன் கைல ஒண்ணு குடுத்துடுங்க, இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்லிடுவாரு, காஸ்ட்லி செட்டை விட அதுதான் வேலைக்கு ஆகும்.

ஆன்டெனா அண்ணாச்சி: முதல்ல ஃப்ரீக்வென்சி பாருங்க தம்பி. லைசென்ஸ் இல்லாம பேசணும்னா 446.0 - 446.2 மெகாஹெர்ட்ஸ் செட்டு, பவர் அரை வாட்தான், ஈடிஏ சர்டிஃபிகேட், அதாவது அரசு குடுக்குற கருவி ஒப்புதல், இருக்கானு கேட்டு வாங்குங்க. சீப்பா கிடைக்குதேன்னு பாஃபெங் யூவி-5ஆர் மாடல் செட்டு வாங்கிடாதீங்க, அதுக்கு ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரங்களுக்கான லைசென்ஸ், வேணும், அது இருந்தாலும் எஸ்டேட் வேலைக்குப் பேசக்கூடாது. மேனேஜ்மென்ட் முறைப்படி லைசென்ஸ் எடுக்குதுன்னா விஹெச்எஃப் (குறைஞ்ச ஃப்ரீக்வென்சி) செட்டு கேளுங்க, அதோட சிக்னல் மேட்டு விளிம்புல யூஹெச்எஃப்பை (அதிக ஃப்ரீக்வென்சி) விட கொஞ்சம் நல்லாவே வளைஞ்சு இறங்கும்.

டீக்காட்டுக்காரன்: நன்றிண்ணே. இங்க மழை வேற பிச்சு உதறும், தாங்குமா?

மலைக்குருவி: தூசி, தண்ணி உள்ள போகாதுங்கிற ஐபி67 ரேட்டிங் போட்டதா எடுங்க, சார்ஜிங் ஓட்டை ரப்பர் மூடியை மட்டும் ஒழுங்கா அழுத்தி வைக்கச் சொல்லுங்க. அப்புறம் இடுப்புல சொருகிட்டே மைக்ல பேசுனா உடம்பே சிக்னலைத் தின்னுடும், கைல எடுத்து ஆன்டெனாவ நேரா பிடிச்சுப் பேசணும்.