வீடு பொங்கோலில், பெரியம்மா பீஷானில்: மகளை எந்த சைல்ட்கேரில் சேர்ப்பது, எந்தப் பள்ளியைக் குறிவைப்பது?

பொங்கோல் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு வரும் ஜனவரியில் மூன்று வயது ஆகிறது. இதுவரை மனைவியின் அக்காதான் பீஷானில் அவர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், மாலையில் மனைவி கூட்டிவருவார். அக்காவுக்கு மூட்டுவலி, பிள்ளைக்கோ ஓடுகிற வயது, இனிமேல் அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று ஜனவரியிலிருந்து சைல்ட்கேர் என்று முடிவுசெய்துவிட்டோம். எது என்பதில்தான் வீட்டில் தினமும் பேச்சு.

எங்கள் புளோக்கின் கீழேயே அரசாங்க ஆதரவில் நடக்கும் ஆங்கர் நிலையம் ஒன்று இருக்கிறது. கட்டணம் குறைவு, லிஃப்ட்டில் இறங்கினால் வாசல். ஆனால் தாய்மொழிக்குச் சீனம் மட்டும்தான். இன்னொன்று மனைவியின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தனியார் நிலையம், கட்டணம் மூன்று மடங்கு. "தொடக்கநிலை ஒன்றுக்கு இப்போதே தயார்செய்கிறோம்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்ததிலிருந்து மனைவிக்கு அங்கேதான் மனசு.

இதற்கு நடுவில் என் அலுவலக நண்பர்கள் வேறு. சைல்ட்கேர் எதுவாக இருந்தால் என்ன, முதலில் தொடக்கப்பள்ளியை முடிவுசெய், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இல்லையென்றால் கதை முடிந்தது என்கிறார்கள். பெரியம்மா வீடு சின் மிங் பக்கம், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பெயர்பெற்ற பள்ளி ஒன்று இருக்கிறது. அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவுசெய்துவிடலாம், எல்லாரும் செய்வதுதான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நான் நிரந்தரவாசி, மனைவியும் மகளும் சிங்கப்பூரர். நானும் இங்கே படித்தவன் இல்லை, மனைவியும் இல்லை, பள்ளிப் பதிவில் வரும் இந்த 2ஏ, 2பி, 2சி கட்டங்கள் எதுவும் எங்களுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூணு பிள்ளை அம்மா:

முதலில் அந்த முகவரி விஷயம். உங்கள் நண்பர் பாதிதான் சரி. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய், பிள்ளையைத் தாத்தா பாட்டியோ, பெற்றோருடன் பிறந்தவர்களோ உண்மையிலேயே பார்த்துக்கொண்டால் அவர்கள் முகவரியில் பதிவுசெய்ய வழி இருக்கிறது, அதற்குச் சத்தியப்பிரமாணம் கொடுக்க வேண்டும். ஆனால் ஜனவரியிலிருந்து அக்கா பார்க்கப்போவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! அப்புறம் அந்த முகவரியைக் கொடுத்தால் அது பொய் முகவரிதான். தெரியவந்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், போலீஸ் வரைக்கும் போகும். சொந்த முகவரியாக இருந்தாலும் சும்மா இல்லை, தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால் பதிவு தொடங்கும் நாளிலிருந்து 30 மாதமாவது அங்கேயே குடியிருக்க வேண்டும்.

இரண்டாவது, சின் மிங் பக்கம் என்றால் நீங்கள் சொல்வது ஆய் தோங் பள்ளியாகத்தான் இருக்கும். அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. அங்கே தாய்மொழி என்றால் சீனம் மட்டும்தான், தமிழ் கிடையாது. நன்யாங், தாவ் நான், ரெட் ஸ்வஸ்திகா எல்லாம் இதே வகைதான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆறு வருடம் சீனம் படிக்கவைக்க நீங்கள் தயார் என்றால் அது வேறு கணக்கு. இல்லையென்றால் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாடகைக்கு வீடு பிடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது கட்டங்கள். முதல் கட்டம், அண்ணனோ அக்காவோ அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. அவர்கள் எல்லாருக்கும் இடம் உறுதி. 2ஏ, பெற்றோரோ உடன்பிறப்போ முன்னாள் மாணவர் என்றால், அல்லது பெற்றோர் அங்கே வேலைபார்த்தால், இன்னும் சில வகைகள் உண்டு. 2பி, தொண்டூழியம் செய்த பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம், சீன குலமரபுச் சங்கம் வழியாக வருபவர்கள், வட்டாரச் சமூக அமைப்புகளில் சேவைசெய்யும் அடித்தளத் தலைவர்கள். இப்படி எந்தத் தொடர்பும் இல்லாத உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு 2சி. 2022லிருந்து 2சிக்கு 40 இடமும் 2பிக்கு 20 இடமும் ஒதுக்கிவைக்கிறார்கள், அதற்கு முன் இரண்டுக்கும் 20தான். விண்ணப்பம் அதிகமானால் முதலில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு, அதற்கும் பிறகு மற்றவர்கள். எந்த வட்டத்தில் இடம் தீர்கிறதோ அந்த வட்டத்துக்குள் குலுக்கல். தூரம் நேர்கோட்டில், பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து உங்கள் புளோக் வரை. நீங்கள் எவ்வளவு சுற்றி நடக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. ஒன்மேப் இணைய வரைபடத்தில் அஞ்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பழைய மாணவன்:

மேலே அக்கா சொன்னது அத்தனையும் சரி. தொண்டூழியம் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், இதைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் கேட்கிறார்கள். பதிவு நடக்கும் வருடத்துக்கு முந்தைய வருடம் ஜூலை 1க்குள் சேர்ந்திருக்க வேண்டும், பதிவு வருடம் ஜூன் 30க்குள் குறைந்தது 40 மணிநேரம் முடித்திருக்க வேண்டும். கூட்டம் மொய்க்கும் பள்ளிகளில் தொண்டூழியராகச் சேர்வதற்கே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும், என்ன வேலை தெரியும் என்றுகூடக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி செய்தார். காலையில் பள்ளி வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, விளையாட்டு விழாவில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது. மழை நாளில் மஞ்சள் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கார் கதவுகளைத் திறந்துவிட்டு நிற்பார். அவ்வளவும் செய்தாலும் 2பியில் குலுக்கல் வரலாம், இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளி உள்ளே எப்படி நடக்கிறது, ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிடுகிறோம் இல்லையா. பார்த்த பிறகு வேண்டாம் என்று முடிவுசெய்தவர்களும் உண்டு!

புக்கிட் பாத்தோக்வாசி:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் மூன்று பேருமே நிரந்தரவாசி. பள்ளிக்கு எதிர் புளோக். 2சியில் எங்களுக்கும் ஒரு கிலோமீட்டர் முன்னுரிமை உண்டுதானே?

மூணு பிள்ளை அம்மா:

@புக்கிட் பாத்தோக்வாசி, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முதலில் சிங்கப்பூரர் எல்லாரும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. அதன்பிறகுதான் நிரந்தரவாசிகளுக்குள் தூரம் பார்ப்பார்கள். அதாவது எதிர் புளோக்கில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு முன்னால், தீவின் மறுகோடியிலிருந்து விண்ணப்பிக்கும் சிங்கப்பூரர் பிள்ளை. பார்ப்பது பிள்ளையின் குடியுரிமையை, பெற்றோருடையதை அல்ல, அதனால் கேள்வி கேட்டவருக்கு அந்தக் கவலை இல்லை. உங்களுக்கு என் யோசனை, ஒவ்வொரு வருடமும் எந்தப் பள்ளியில் எந்தக் கட்டத்தில் குலுக்கல் நடந்தது என்று கல்வி அமைச்சு வெளியிடுகிறது. 2சி முடிந்தும் இடம் மிஞ்சுகிற பள்ளிகள் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கும். அதில் ஒன்றைப் போய்ப் பாருங்கள், பெயர் தெரியாத பள்ளி என்பதற்காக ஒதுக்காதீர்கள். எங்கும் கிடைக்காவிட்டாலும் 2சி துணைக்கட்டம் இருக்கிறது, அதிலும் விட்டால் அமைச்சே இடமுள்ள பள்ளியில் சேர்த்துவிடும். பிள்ளை பள்ளி இல்லாமல் நிற்காது.

பாலர்பள்ளி டீச்சர்:

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். "தொடக்கநிலை ஒன்றுக்கு இப்போதே தயார்" என்ற போர்டை மூன்று வயதுப் பிள்ளைக்காகப் படிக்க வேண்டாம். இந்த வயதில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

ஐந்தரை ஆறு மணிக்கு, பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். சுற்றிக்காட்டுவதற்கென்று அவர்கள் கொடுக்கும் காலை பத்து மணியில் எல்லா நிலையமும் அழகாகத்தான் இருக்கும். மாலையில் ஆசிரியர்கள் களைத்திருப்பார்கள், பிள்ளைகள் அழுவார்கள், அப்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளையை ஒப்படைக்கும்போது "இன்றைக்கு நன்றாக இருந்தாள்" என்று பொதுவாகச் சொல்கிறார்களா, இல்லை "மத்தியானம் மீனை ஒதுக்கிவிட்டாள், சோறு மட்டும் சாப்பிட்டாள், தூங்க நேரமாயிற்று" என்று சொல்கிறார்களா? இரண்டாவது மாதிரி பேசுகிறவர் உங்கள் பிள்ளையைப் பார்த்திருக்கிறார். சுவரில் ஆசிரியர்கள் படம் ஒட்டியிருக்கும், அதில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆசிரியர் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பாடத்திட்டம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்.

ஆள் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டரையிலிருந்து மூன்று வயது வரை 12 பிள்ளைக்கு ஒருவர், மூன்று வயதானதும் 15க்கு ஒருவர். மூன்று மடங்கு கட்டணம் வாங்கும் இடம் இதைவிடக் குறைவாக வைத்திருந்தால் காசுக்கு அர்த்தம் உண்டு. அதே 15தான் என்றால் நீங்கள் வாடகைக்கும் பளிங்குத் தரைக்கும் கொடுக்கிறீர்கள். ஆங்கர் நிலையங்களில் 2025இல் முழுநாள் பராமரிப்பின் மாதக் கட்டணத்துக்கு வரிக்கு முன் 640 வெள்ளி உச்சவரம்பு, வேலைக்குப் போகும் தாய்க்கு அடிப்படை மானியம் 300 வெள்ளி அதில் கழியும், குடும்பத்தின் மாத வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் மேலும் குறையும். மானியம் சிங்கப்பூரர் பிள்ளைகளுக்கு மட்டும், மேலே கேட்ட நிரந்தரவாசி கவனிக்க.

இன்னொன்று, வீட்டுக்குக் கீழே என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கை, வாய், பாத நோய் வந்தால் பிள்ளை நாள்கணக்கில் வீட்டில், உங்களுக்கு இருக்கிற 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஒரே மூச்சில் போய்விடும். காய்ச்சல் என்று பகல் பதினொரு மணிக்கு போன் வந்தால் யார் எவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்பதையும் யோசியுங்கள்.

பொங்கோல் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. ஆய் தோங்கில் தமிழ் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவரே அந்தப் பேச்சை மூடிவிட்டார். பெரியம்மா முகவரி விஷயமும் அத்தோடு முடிந்தது. இப்போது எனக்கு இருக்கிற கவலை தமிழ். கீழே இருக்கிற நிலையத்தில் சேர்த்தால் நாள் முழுக்க ஆங்கிலமும் சீனமும்தான். நான்கு வருடம் கழித்துத் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தால் முழிக்க மாட்டாளா?

பாலர்பள்ளி டீச்சர்:

அதற்குத்தான் கல்வி அமைச்சு நடத்தும் பாலர்பள்ளிகளைப் பாருங்கள். 2014இல் ஐந்தே ஐந்து இருந்தன, இப்போது பல வட்டாரங்களில் தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. தொடக்கநிலை ஒன்றுக்கு முந்தைய கே1, கே2 இரண்டு வருடம்தான், மூன்று தாய்மொழியும் சொல்லித்தருகிறார்கள், முழுநாள் பராமரிப்பு வேண்டுமென்றால் தனியாகப் பதிவுசெய்யலாம். முக்கியமானது இதுதான், அங்கே படிக்கும் பிள்ளை அதே வளாகத்திலுள்ள தொடக்கப்பள்ளிக்கு 2ஏயில் விண்ணப்பிக்கலாம். முன்னாள் மாணவரும் வேண்டாம், தொண்டூழியமும் வேண்டாம். அதிலும் இடத்தைவிட ஆள் கூடினால் குலுக்கல் உண்டு, ஆனால் 2சியில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். பிள்ளைக்கு நான்கு வயதாகும் வருடத்தில் கே1 பதிவு, மறந்துவிடாதீர்கள். பொங்கோலில் சில சைல்ட்கேர் நிலையங்கள் அமைச்சின் பாலர்பள்ளியோடு இணைந்தவை, அங்கே நர்சரி படிப்பவர்களுக்குப் பக்கத்து பாலர்பள்ளியில் கே1 இடம் உறுதி. உங்கள் புளோக்குக்குக் கீழே இருப்பது அந்த வகையா என்று முதலில் கேளுங்கள். அதுவரை வீட்டில் நீங்கள் இருவரும் தமிழ் மட்டும் பேசுங்கள், பெரியம்மா வீட்டுக்கு சனி ஞாயிறு அனுப்புங்கள், போதும்.

உட்லண்ட்ஸ் ராத்திரி ஷிப்ட்:

எல்லாரும் பள்ளியில் இடம் கிடைப்பதோடு நிறுத்திவிட்டீர்கள். தொடக்கப்பள்ளி மதியம் ஒன்றரை மணிக்கு விட்டுவிடும் சாமி! சைல்ட்கேர் மாதிரி ஏழு மணி வரை கிடையாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையான போட்டி அங்கேதான் தொடங்குகிறது. எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, ஆனால் இடம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் மகனுக்குப் பள்ளி கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு வாரம் கழித்துக் கேட்டோம், காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டார்கள். ஜனவரி முழுக்க என் தூக்கம் போயிற்று, வேலை முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் வாசலில் போய் நிற்க வேண்டும். பள்ளி உறுதியான அன்றைக்கே பராமரிப்புக்கும் பெயர் கொடுங்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போதே இதையும் கேளுங்கள், எத்தனை மணி வரை, பள்ளி விடுமுறையில் உண்டா, வீட்டுப்பாடம் செய்யவைப்பார்களா, சாப்பாடு யார் தருகிறார்கள்.

பொங்கோல் அப்பா:

கீழே போய்க் கேட்டுவிட்டேன். இணைந்த நிலையம்தானாம்! நர்சரி முடித்தால் பக்கத்து வளாகத்தில் கே1 இடம் உண்டு என்று மேலாளர் சொன்னார். அங்கே தமிழும் உண்டு. டீச்சர் சொன்னபடி சாயங்காலம்தான் போனேன், வாசலில் ஒரு பையன் பையைக் கீழே போட்டு உருண்டு அழுதுகொண்டிருந்தான், ஆசிரியர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அவன் முடிக்கிற வரை எதுவும் பேசவில்லை. மனைவி நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்கிறார். தனியார் நிலையத்தில் முன்பணம் இன்னும் கட்டவில்லை. அதைத் திருப்பித் தருவார்களா என்ற கேள்வியும் மிச்சம்.

மூணு பிள்ளை அம்மா:

சில இடங்களில் தர மாட்டார்கள். கட்டாதீர்கள்.