சின்ன யானைக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

கேள்வி:
வணக்கம். காங்கேயத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறேன். தேங்காய்ப் பருப்பு மூட்டை ஏற்ற மஞ்சள் போர்டில் சின்ன யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) வாங்கப் போகிறேன். ஆறு நாள் தொழிலுக்கு, ஞாயிறு வீட்டு வேலைக்கு. கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா? கார் வாங்கியபோது கிடையாது என்றார்கள், மனசே விட்டுப்போச்சு.

பதில் 1:
எடுக்கலாம் தம்பி. டிரைவரோடு 13 பேர் வரை ஏற்றும் வண்டிக்குத்தான் தடை, சரக்கு வண்டிக்கு இல்லை. காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருந்தால் மட்டும் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் வரியும் 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று ஷோரூமிலேயே பாருங்கள். எனக்கு வெறும் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், திருத்த இரண்டு மாதம் அலைந்தேன். அப்புறம், திரும்ப எடுத்த வரித்தொகைக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் (வண்டி பழசாவதற்கான கழிவு) கேட்கக் கூடாது.

பதில் 2:
ஞாயிறு ஓட்டத்துக்கான பங்குக்கு ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த டீசலையும் தொழில் செலவாகக் காட்ட முடியாது. அதைப் பிரித்துக் காட்ட நான் டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, கிலோமீட்டர், போன இடம். ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், பின்னால் பாய் விரித்துப் பிள்ளைகளைக் கோயிலுக்கு ஏற்றாதீர்கள். சட்டப்படி தப்பு, விபத்தென்றால் காப்பீடும் வராது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. பழனிக்குப் பஸ்ஸிலேயே போகிறோம். நோட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறேன்.