துணை விட்டுப் போவதுபோல் கனவு: உறவில் விரிசலா?

கேள்வி: கணவனோ மனைவியோ விட்டுப் போவதுபோல் அடிக்கடி கனவு வந்தால், உறவில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா? எப்படிக் குறித்து வைப்பது?

பதில்: கனவில் வந்த கதையைச் சாட்சியாக எடுத்துச் சண்டைக்குப் போகாதீங்க, உணர்ச்சியைப் பாருங்க. கனவு செறிவாக வரும் ரெம் தூக்கத்தில் அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா விழிப்பாக இருக்கும். ‘இது நிஜமா’ என்று சரிபார்க்கும் மூளையின் முன்பகுதி அடங்கியிருக்கும். பயம் நிஜம், சம்பவம் அப்படியல்ல.

பதில்: ரெம் விடியற்காலையில்தான் நீளும், அலாரத்தை வைத்து அதை வெட்டாதீங்க. விழித்ததும் அசையாமல் ஒரு நிமிடம் படுத்திருங்க. போனைத் தொட்டால் கனவு போயிடும். முதலில் உணர்ச்சியை 0–10 அளவில் குறிங்க, பிறகு ஆட்கள், கடைசியில்தான் கதை. கதையை முதலில் எழுதினால் விட்டுப்போன இடங்களை மனசே இட்டு நிரப்பிடும். முந்தின நாள் பேச்சு, மனஸ்தாபம் பற்றியும் ஒரு வரி எழுதுங்க. இரண்டு வாரம் கழித்து உணர்ச்சிகளை மட்டும் வரிசையாகப் படிங்க. ‘கைவிடப்பட்டேன்’ என்பது ஆபீஸ் கனவிலும் வந்தால், காரணம் துணையாக இல்லாமலும் இருக்கலாம்.

பதில்: மருந்தையும் பாருங்க. ரத்த அழுத்தம், படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு தரும். தினமும் மது குடிப்பவர் நிறுத்தினாலும் கனவு உக்கிரமாகும். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விடாதீங்க. ஒரே கனவு துரத்தினால், முடிவை மாற்றி எழுதி, பகலில் 10–20 நிமிடம் மனதில் ஓட்டுங்க. பழைய வன்முறை கனவில் வந்தால் மட்டும் உளவியலாளர் துணையோடு செய்யுங்க.