'சேஞ்ச் ஏஜெண்ட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம்?

கேள்வி (ஆர்.கே.புரம், டெல்லி):
எங்கள் குடியிருப்பில் ஈரக் குப்பை, உலர் குப்பை பிரிப்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் தொண்டர்களுக்கு அடையாள அட்டை அச்சாகிறது. ஆங்கிலத்தில் 'சேஞ்ச் ஏஜெண்ட்', அதாவது மாற்றத்தைக் கொண்டுவருபவர். இந்தியில் 'பரிவர்த்தன் தூத்'. தமிழில் 'பரிவர்த்தனைத் தூதர்', 'மாற்று முகவர்', 'வினையூக்கி' என மூன்று யோசனைகள். அட்டையில் ஒரே வரிக்குத்தான் இடம். எதைப் போடலாம்?

பதில் 1:
முதலாவதை அடித்துவிடுங்கள். இந்தியில் பரிவர்த்தன் மாற்றம். தமிழில் பரிவர்த்தனை என்றால் வங்கிக் கணக்கும் கொடுக்கல் வாங்கலும்தான். 'மாற்று முகவர்' அதைவிட மோசம். மாற்று வேட்பாளர், மாற்றுச் சாவி என்கிறோமே, அப்படி முகவர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வருபவர் என்றாகிவிடும். முகவர் என்றாலே எல்.ஐ.சி.யும் வாக்குச்சாவடியும்தான் நினைவுக்கு வரும். வேறொருவர் சார்பில் வருபவர். இந்தத் தொண்டர்கள் அப்படியில்லை.

பதில் 2:
வினையூக்கி வேதியியல் சொல். பாடநூல்களில் 'வினைவேகமாற்றி' என்றும் பார்க்கலாம். கருத்துக்குப் பெயர் வைத்தவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், 1835இல். வினையின் வேகத்தைக் கூட்டும், ஆனால் வினையில் தான் தீர்ந்துபோகாது. அதனால் நிகழ்ச்சிகளுக்கு அழகாகப் பொருந்தும்: 'விலையேற்றம் போராட்டத்துக்கு வினையூக்கியாக அமைந்தது.' கழுத்தில் தொங்கும் அட்டைக்கு ஒட்டாது. 'காரணி'யும் வேண்டாம், மழை, விலை, சட்டம் காரணிகள், ஆட்கள் அல்லர்.

கேட்டவர்:
'மாற்றத் தூதர்' என்றால்? 'மாற்றுநர்' என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில் 3:
மாற்றுநர் இலக்கணப்படி சரி. ஓட்டுநர், இயக்குநர் போல 'ந' போட வேண்டும், 'மாற்றுனர்' பிழை. ஆனால் எதை மாற்றுபவர் என்ற கேள்வி நிற்கும், முன்னால் ஒரு சொல் சேர்த்தால்தான் நிறைவாகும். மாற்றத் தூதரில் ஒரு சுவை உண்டு: குறள் 689, தூது அதிகாரம், 'விடுமாற்றம் வேந்தர்க்கு உரைப்பான்.' அங்கே மாற்றம் என்றால் சொல்லியனுப்பும் செய்தி! இன்று அப்படி யாரும் படிக்கமாட்டார்கள், தைரியமாக எழுதலாம். ஆனாலும் கதவைத் திறக்கும் பாட்டிக்கு வந்தவர் எதற்கு வந்தார் என்று தெரிய வேண்டாமா? அட்டையில் வேலையையே போடுங்கள்: 'குப்பை பிரிப்பு வழிகாட்டி'. ஆண்டறிக்கையில் பொதுவாகச் சொல்ல 'மாற்றத்தை முன்னெடுப்பவர்கள்' போதும். 'மாற்றத்தின் முகவர்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.